சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் உறைவிடக் கல்லூரிகள்: சேரவிருக்கும் மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் பள்ளிப் படிப்பை முடித்துச் சிங்கப்பூருக்குச் சென்று அங்குள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவன் நான். அதன் வளாகப் பகுதியான யுனிவர்சிட்டி டவுனில் உள்ள ஓர் உறைவிடக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தேன். அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவந்த விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டணத் தொகைகளும் கடைசித் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. அவற்றை மட்டும் பல்கலைக்கழகத்தின் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறைவிடக் கல்லூரி என்பது விடுதிதானே? பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்களா?

இல்லை. நம் ஊர் விடுதியில் அறை, மெஸ், வார்டன், இரவு வருகைப் பதிவு ஆகியவை இருக்கும். படிப்பு வேறொரு கட்டடத்தில் நடக்கும். உறைவிடக் கல்லூரியில் படிப்பின் ஒரு பகுதி நீங்கள் தூங்கும் கட்டடத்துக்குள்ளேயே நடக்கிறது. அந்தக் கல்லூரி ஒரு பொருளை மையமாக வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சிறு வகுப்புகளை நடத்துகிறது. அங்கு வாழும் ஏறத்தாழ 600 மாணவர்களும் மருத்துவம், கணினி, சட்டம், வணிகம், வரலாறு என வெவ்வேறு துறைகளைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும் அந்த வகுப்புகளில் ஒன்றாக உட்காருகிறார்கள். காலையில் உங்களோடு ஒரு கட்டுரையைப் பற்றி வாதிட்டவர் மாலையில் உங்கள் எதிரில் தட்டோடு வந்து அமர்கிறார், இரவில் உங்கள் மாடியிலேயே பல் துலக்குகிறார். இதனால் வகுப்பில் முடியாத பேச்சு வகுப்போடு நின்றுவிடுவதில்லை.

அதே பல்கலைக்கழகத்தில் ஹால் எனப்படும் விடுதிகளும் இருக்கின்றன: ஷியர்ஸ், ராஃபிள்ஸ், யூசுஃப், தெமாசெக், கென்ட் ரிட்ஜ், கிங் எட்வர்ட் VII. அவை விளையாட்டு, நாடகம், இசை ஆகியவற்றுக்குப் பெயர் பெற்றவை. அங்கே பாடம் கிடையாது. பல்கலைக்கழகத்தில் வாழும் இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் முதலில் முடிவுசெய்ய வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பல நூற்றாண்டுகளாகக் கல்லூரிகளின் தொகுப்பாகவே இயங்கிவருகின்றன. ஆசிரியரும் மாணவரும் ஒரே சுற்றுச்சுவருக்குள் வாழ்ந்து, ஒரே கூடத்தில் உண்ணும் வழக்கம் அங்கிருந்து வந்தது. அமெரிக்காவில் எட்வர்ட் ஹார்க்னெஸ் என்னும் செல்வந்தரின் கொடையால் ஹார்வர்ட் 1930-இலும் யேல் 1933-இலும் இத்தகைய இல்லங்களைத் தொடங்கின. எனக்கு மிகவும் பிடித்த முன்னோடி இவ்விரண்டையும்விடச் சற்று முந்தியது. 1927-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் மைக்கல்ஜான் தொடங்கிய சோதனைக் கல்லூரி அது. மாணவர்கள் ஆடம்ஸ் ஹால் என்ற கட்டடத்தில் ஒன்றாக வாழ்ந்து, முதலாண்டு முழுவதும் பண்டைய ஏதென்ஸையும் இரண்டாம் ஆண்டு முழுவதும் அமெரிக்காவையும் படித்தார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் சொந்த வட்டாரத்தை ஆராய்ந்து எழுத வேண்டும். 1932-இல் அந்தக் கல்லூரி மூடப்பட்டது. ஐந்தே ஆண்டுகள் நடந்த ஒரு முயற்சியைக் கல்வியாளர்கள் இன்றளவும் எடுத்துப் பேசுகிறார்கள் என்பதே அதன் வலிமையைக் காட்டுகிறது.

சிங்கப்பூரிலும் இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. கிங் எட்வர்ட் VII ஹால் 1916-இல் தொடங்கியபோது மருத்துவ மாணவர்களுக்கான விடுதியாகவே இருந்தது. ஒரே படிப்பைப் படிப்பவர்களை ஒரே கூரையின்கீழ் வைக்கும் எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது. இப்போதைய உறைவிடக் கல்லூரிகள் செய்வது அதற்கு நேர்மாறானது. வெவ்வேறு படிப்புக்காரர்களை அவை ஒரே கேள்வியின்முன் உட்கார வைக்கின்றன.

எந்தெந்தக் கல்லூரிகள் இருக்கின்றன? ஒவ்வொன்றின் மையப்பொருளும் என்ன?

ஒரு காலத்தில் வாரன் கோல்ஃப் மைதானமாக இருந்த நிலத்தில் 2011-இல் யுனிவர்சிட்டி டவுன் திறக்கப்பட்டது. பழைய கென்ட் ரிட்ஜ் வளாகத்துக்கும் அதற்கும் நடுவே ஆயர் ராஜா விரைவுச்சாலை ஓடுகிறது. அதைக் கடக்க ஒரு பாலம் இருக்கிறது. உறைவிடக் கல்லூரிகளில் பெரும்பாலானவை இந்த டவுனுக்குள் உள்ளன.

தெம்புசு கல்லூரி 2011-இல் தொடங்கியது. சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி (டாலர்) தாளின் பின்புறத்தில் காணும் மரம்தான் தெம்புசு. அறிவியலும் தொழில்நுட்பமும் சமூகமும் ஒன்றையொன்று எவ்வாறு வடிவமைக்கின்றன என்பது இந்தக் கல்லூரியின் நெடுங்கால அக்கறை. போலி என்ற ஒரே சொல்லைத் தலைப்பாகக் கொண்டு, போலி ஓவியம் முதல் போலி மருந்து வரை பேசும் வகுப்புகளை நடத்தக்கூடிய இடம் அது. அதே ஆண்டில் தொடங்கிய ஆலிஸ் பீட்டர் டான் கல்லூரியை மாணவர்கள் கேப்ட் என்றே சொல்வார்கள். அதன் மையப்பொருள் சமூக ஈடுபாடும் குடிமக்களின் பொறுப்பும். முதலில் அதன் பெயர் அங்சானா. நம் வேங்கை மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் மலாய்ப் பெயர் அது.

2014-இல் இரண்டு கல்லூரிகள் தொடங்கின. ரிட்ஜ் வியூ கல்லூரி டவுனுக்கு வெளியே கென்ட் ரிட்ஜ் பக்கம் இருக்கிறது. அது எடுத்துக்கொண்ட பொருள் நிலைத்த வளர்ச்சி, அதாவது வருங்காலத் தலைமுறைக்கும் வளங்களை விட்டுவைக்கும் வளர்ச்சி. சிங்கப்பூரின் குப்பை எரிக்கப்பட்டு, அந்தச் சாம்பல் 1999 முதல் செமாக்காவ் தீவில் கொட்டப்படுகிறது, அந்தக் கிடங்கு 2035 அளவில் நிரம்பிவிடும் என்று அரசு கணித்திருக்கிறது என்பன போன்ற செய்திகள் அங்கே சாப்பாட்டு மேசைப் பேச்சு. மற்றொன்று ஆர்சி ஃபோர் என்று எல்லாரும் அழைக்கும் நான்காம் உறைவிடக் கல்லூரி. அதன் மையப்பொருள் அமைப்புச் சிந்தனை.

அமைப்புச் சிந்தனை என்றால் என்ன என்று பலர் கேட்பதால் இதைச் சற்று விளக்குகிறேன். அங்கே கற்பிப்பது, 1950-களில் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரெஸ்டர் உருவாக்கிய அமைப்பு இயங்கியல் (system dynamics) என்னும் முறை. ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் வழியாக நீர் வருகிறது, மதகு வழியாகப் போகிறது, நடுவில் நிற்பது இருப்பு. ஏரி வற்றுகிறதே என்று மதகை அடைத்தால் கழனி காய்கிறது. கழனி காய்ந்தவர்கள் கிணறு வெட்டுகிறார்கள், கிணறு பெருகினால் நிலத்தடி நீர் இறங்குகிறது, அடுத்த மழையில் ஏரி நிரம்பவே நாளாகிறது. செய்தது ஒன்று, அது சுற்றி வந்து நம்மையே தொடுகிறது. இந்தச் சுழற்சிகளைப் படமாக வரைந்து, கணினியில் ஓட்டிப் பார்த்து, டெங்கு பரவலையோ வீட்டு விலையையோ புரிந்துகொள்ள முயல்வதுதான் அங்கே நடப்பது. கணக்குக்கு அஞ்ச வேண்டாம். வரலாறு படிப்பவர்களும் அதை நன்றாகவே செய்கிறார்கள்.

இவை தவிர, பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தைக் கொண்டு என்யுஎஸ் கல்லூரி என்று ஒன்று உண்டு. பல்கலைக்கழக அறிஞர் திட்டமும் யேல்-என்யுஎஸ் கல்லூரியும் இணைந்து 2022-இல் உருவானது அது. அதற்குத் தனி விண்ணப்பமும் தனிப் பாடத்திட்டமும் இருப்பதால் இங்கே அதைப் பற்றிப் பேசவில்லை.

என் துறைக்கு நெருக்கமான பொருளைக் கொண்ட கல்லூரியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. என் கருத்தைக் கேட்டால், துறைக்குச் சற்றுத் தள்ளி இருப்பதே நல்லது என்பேன். சுற்றுச்சூழல் பொறியியல் படிப்பவர் ரிட்ஜ் வியூவில் சேர்ந்தால் அவருக்குத் தெரிந்தது ஆழமாகும். அதே மாணவர் கேப்டில் சேர்ந்து வாடகை வீட்டில் தனியே வாழும் ஒரு முதியவரோடு ஒரு பருவம் முழுவதும் பழகினால், தாம் வடிவமைக்கப்போகும் குழாயின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியவரும். இரண்டில் எது வேண்டும் என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆனால், அந்தப் பொருளில் உங்களுக்குச் சிறிதும் ஆர்வம் இல்லை, அறை கிடைத்தால் போதும் என்றால் தயவுசெய்து விண்ணப்பிக்காதீர்கள். இரண்டு ஆண்டு என்பது நீண்ட காலம். அந்த இடத்தை உண்மையிலேயே விரும்பும் வேறொருவர் வெளியே காத்திருப்பார்.

கூடுதல் பாடங்களால் சுமை ஏறாதா? மதிப்பெண் குறையாதா?

யுனிவர்சிட்டி டவுன் கல்லூரிகளில் வழக்கமான ஏற்பாடு இரண்டு ஆண்டுகளில் ஐந்து பாடங்கள். பட்டத்துக்காக எல்லா மாணவர்களும் எடுக்க வேண்டிய பொதுப் பாடங்களில் ஒரு பகுதிக்கும் விருப்பப் பாடங்களுக்கும் பதிலாக இவை கணக்கில் சேர்கின்றன. ஆகவே பெரும்பாலான துறைகளில் மொத்தப் பாட எண்ணிக்கை கூடுவதில்லை. இரட்டைப் பட்டம் படிப்பவர்களும் பாடத்திட்டம் மிக இறுக்கமாக உள்ள துறையினரும் மட்டும் சேர்வதற்கு முன்பே துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை கூடாவிட்டாலும் உழைப்பின் வகை மாறும் என்பதை மறைக்க விரும்பவில்லை. முந்நூறு பேர் அமரும் விரிவுரையில் பின்வரிசையில் ஒளிந்துகொள்ளலாம். இருபது பேர் வட்டமாக அமரும் செமினாரில் வாசிக்காமல் வந்தவர் யார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வாரந்தோறும் வாசிப்பும் எழுத்தும் இருக்கும். பருவம் 13 வாரங்கள்தான். ஆறாம் வாரத்துக்குப் பின் வரும் இடைவேளை வாரத்தை ஊர் சுற்றச் செலவிட்டவர்கள் பிறகு வருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் வாதிட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. சமாளிக்க முடியுமா?

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இதைக் கடைசிக் கேள்வியாக, பெரும்பாலும் பெற்றோர் எழுந்து போன பிறகு, கேட்பார்கள். ஆகவே என் அனுபவத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் பள்ளியில் நன்றாகப் படித்தவன். ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதவும் தெரியும். முதல் செமினாரில் ஐந்து வாரங்கள் நான் ஒரு சொல்லும் பேசவில்லை. சொல்ல நினைத்ததை மனத்துக்குள் முழு வாக்கியமாக அடுக்கி முடிப்பதற்குள் பேச்சு இரண்டு திருப்பங்களைக் கடந்துவிடும். மற்றவர்கள் பாதி எண்ணத்தோடு பேசத் தொடங்கி, பேசிக்கொண்டே மீதியைக் கண்டுபிடித்தார்கள். முழுதாகத் தெரிந்த பின்னரே வாயைத் திறக்க வேண்டும் என்று பழகிவந்த எனக்கு அது அடக்கமின்மையாகத் தோன்றியது. உண்மையில் அது ஒரு பயிற்சி. சிறு வகுப்பு என்பதே அந்தப் பயிற்சிக்காக அமைந்த ஏற்பாடு.

ஆறாம் வாரத்தில் வகுப்பு ஆசிரியர் உணவுக்கூடத்தில் என் மேசைக்கு வந்து அமர்ந்தார். நான் எழுதிய கட்டுரையில் எங்கள் ஊர்க் காவிரிப் பாசன முறைகளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதைப் பற்றி அரை மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அடுத்த வகுப்பில் நீரைப் பற்றிய பேச்சு வந்தபோது, "இதைப் பற்றி உன்னிடம் ஒரு செய்தி இருக்கிறது அல்லவா?" என்று மட்டும் கேட்டார். தடுமாறிப் பேசினேன். யாரும் சிரிக்கவில்லை, இரண்டு பேர் மறுத்துப் பேசினார்கள். அந்த மறுப்பு எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் இரண்டு வாரங்களுக்குள், ஒரு கேள்வியாகவேனும், ஒரு முறை வாயைத் திறந்துவிடுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அதைக் கடினமாக்கும். ஆசிரியரிடம் தனியே போய் உங்கள் தயக்கத்தைச் சொல்லுங்கள். அங்கே அது குறையாகக் கருதப்படுவதில்லை. உங்கள் உச்சரிப்பை மாற்ற முயலாதீர்கள். சிங்கப்பூரில் நாலைந்து வகை ஆங்கிலம் ஒரே மேசையில் புழங்குகிறது, அதில் நம்முடையதற்கும் இடம் உண்டு.

அறை எப்படி இருக்கும்?

பெரும்பாலும் ஒருவருக்கு ஓர் அறை. நீண்ட தாழ்வாரத்தில் வரிசையாக அமைந்த அறைகளுக்குக் குளியலறை பொதுவானது. ஆறு படுக்கையறைகளும் ஒரு சிறு கூடமும் கொண்ட வீடு போன்ற அமைப்பும் உண்டு. குளிரூட்டி எல்லா அறைகளிலும் இருக்காது. இருக்கும் அறைகளில் அந்த மின்சாரத்துக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். திருச்சி வெயிலைத் தாங்கியவர்களுக்கு மின்விசிறி போதும், ஆனால் சிங்கப்பூரின் ஈரப்பதத்துக்கு முதல் மாதம் உடல் பழக வேண்டும். துணி எளிதில் உலராது.

சாப்பாடு? எங்கள் வீட்டில் சைவம்.

கல்லூரியில் தங்குவோர் உணவுத் திட்டத்தில் சேர்வது கட்டாயம். திங்கள் முதல் சனி வரை காலை உணவும் ஞாயிறு முதல் வெள்ளி வரை இரவு உணவும் கிடைக்கும். மதிய உணவு உங்கள் பொறுப்பு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கட்டணம் கட்டணம்தான் என்பதால் சிலர் இதைக் குறைசொல்வார்கள். நானும் முதலில் சொன்னேன். பின்னர்தான் இந்தக் கட்டாயத்தின் காரணம் புரிந்தது. எல்லாரும் ஒரே வேளையில் ஒரே கூடத்துக்கு வராவிட்டால் உறைவிடக் கல்லூரி வெறும் அடுக்குமாடிக் கட்டடமாகிவிடும்.

சைவத்துக்கும் ஹலால் உணவுக்கும் இடம் உண்டு, பட்டினி கிடக்க நேராது. ஆனால் சுவை அலுத்துப்போகும், அதை மறுக்க முடியாது. ரசத்துக்கும் தயிர்ச்சோற்றுக்கும் மனம் ஏங்கும் நாளில் கென்ட் ரிட்ஜ் நிலையத்தில் வட்டப்பாதை ரயில் ஏறி, பொட்டானிக் கார்டன்ஸில் டவுன்டவுன் பாதைக்கு மாறினால் லிட்டில் இந்தியா வந்துவிடும். உள்ளூர்த் தமிழர்கள் அந்தப் பகுதியைத் தேக்கா என்பார்கள். நீங்களும் அப்படியே சொல்லிப் பழகுங்கள். அறைக்குள் சமைக்க அனுமதி இல்லை. பொதுச் சமையலிடத்தில் எளிதாக எதையாவது செய்துகொள்ளலாம். பருப்புப் பொடியும் ஊறுகாயும் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் அம்மாக்களின் வழக்கத்தை யாரும் தடுக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்களும் அதே கட்டடத்தில் வாழ்கிறார்களாமே? அது கண்காணிப்பு ஆகாதா?

கல்லூரித் தலைவரான மாஸ்டரும் ஃபெல்லோ எனப்படும் ஆசிரியர்களில் சிலரும் குடும்பத்தோடு அங்கேயே வாழ்கிறார்கள். ஒவ்வொரு கல்லூரியும் ஹவுஸ் எனப்படும் பிரிவுகளாகப் பிரிந்திருக்கும். தெம்புசுவில் யானையின் பெயரால் கஜா என்று ஒன்றும் கேப்டில் கருடா என்று ஒன்றும் இருப்பதைக் கேட்டால் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. ஒவ்வொரு ஹவுஸுக்கும் பொறுப்பான ஆசிரியர் உண்டு. அவர் வார்டன் போல அறையைச் சோதிக்க வருபவர் அல்லர். நீங்கள் இரண்டு நாளாக உணவுக்கூடத்துக்கு வராததைக் கவனித்துக் கதவைத் தட்டக்கூடியவர். ஆசிரியரின் குழந்தை நடைவண்டி ஓட்டிக்கொண்டு போவதைத் தாழ்வாரத்தில் பார்த்துவிட்டு, அதே ஆசிரியரோடு வகுப்பில் முரண்படுவது ஒரு தனி அனுபவம். அச்சம் போய் மதிப்பு மட்டும் நிற்கும்.

குறைகளே இல்லையா?

உண்டு. அறுநூறு பேர் கொண்ட ஊர் அது. ஊருக்குள்ள வம்பும் இருக்கும். யாரோடு யார் பேசுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் மாதத்திலேயே உள்ளூர்ப் பள்ளித் தோழர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள், வெளிநாட்டு மாணவர் வெளியே நிற்பதாக உணர்வார். ஆர்வக் குழுக்கள், ஹவுஸ் போட்டிகள், வரவேற்பு முகாம்கள் என்று அழைப்புகள் குவியும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் நவம்பர்த் தேர்வில் அதன் விளைவு தெரியும். என் அடுத்த அறைக்காரர் ஒரு பருவம் முழுவதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டே இருந்தார். நாங்கள் அவரை அமைதியானவர் என்று நினைத்தோம். அவர் மிகவும் துன்பத்தில் இருந்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது. மனம் சோர்ந்தால் பல்கலைக்கழகத்தின் உளநல ஆலோசகரிடம் போங்கள், அது இலவசம் என்றும் இரகசியம் என்றும் பெற்றோரும் பிள்ளைகளுக்கு எடுத்துச்சொல்லுங்கள். பக்கத்து அறைக் கதவு தொடர்ந்து மூடியிருந்தால் தட்டுங்கள்.

மகளைத் தனியே அனுப்புகிறோம். பாதுகாப்பாக இருக்குமா?

கட்டடத்துக்குள் நுழைய அட்டை வேண்டும், பாதுகாவலர் உண்டு, விருந்தினருக்கு நேர வரையறை உண்டு. பெண்கள் நள்ளிரவில் நூலகத்திலிருந்து நடந்து வருவது அங்கே இயல்பான காட்சி. நம் ஊர் விடுதியைப் போல் மாலை ஏழு மணிக்குக் கதவைப் பூட்டி வைக்கும் முறை இல்லை. அது இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம். உங்கள் மகள் தன் நேரத்தைத் தானே ஆளக் கற்றுக்கொள்வாள்.

தீபாவளி, பொங்கல்?

தீபாவளி சிங்கப்பூரில் பொது விடுமுறை. ஆனால் பருவத் தேர்வு நெருங்கும் நேரத்தில் வரும். பொங்கலுக்கு விடுமுறை இல்லை. எங்கள் மாடியில் பொங்கல் நாளன்று பொதுச் சமையலிடத்தில் சின்னப் பாத்திரத்தில் பொங்கல் வைத்தோம். சீன, மலாய் நண்பர்கள் பொங்கி வழியும்வரை காத்திருந்து எங்களோடு குரல் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேரவையும் உண்டு. சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்களோடு பழக அது நல்ல வழி.

விண்ணப்பக் கட்டுரையில் என்ன எழுதுவது?

கல்லூரியின் பொருளைப் புகழ்ந்து எழுத வேண்டாம். அவர்களுக்கு அது தெரியும். உங்களை உண்மையில் உறுத்தும் ஒரு கேள்வியை எழுதுங்கள். உங்கள் தெருக் குளம் ஏன் குப்பைமேடானது, பாட்டி ஏன் அரசு மருத்துவமனைக்குப் போக மறுக்கிறார் என்பவை போதும். அதற்கு விடை தேட என்ன செய்தீர்கள், எங்கே சிக்கிக்கொண்டீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். பரிசுப் பட்டியல் இங்கே பெரிதாக உதவாது. பிறர் எழுதிக்கொடுத்த கட்டுரையோடு நேர்காணலுக்குப் போனால் இரண்டாம் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு ஆண்டு முடிந்த பிறகு?

பெரும்பாலானோர் வெளியேற வேண்டும். கல்லூரிப் பொறுப்புகளில் இருப்பவர்களுக்கும் மூத்த உதவியாளர்களுக்கும் சில இடங்கள் நீட்டிக்கப்படலாம், அதை நம்பித் திட்டமிட வேண்டாம். மூன்றாம் ஆண்டுக்கு வேறு விடுதியையோ வெளியே வாடகை அறையையோ இரண்டாம் ஆண்டின் நடுவிலேயே தேடத் தொடங்குங்கள். வெளி வாடகை கூடுதலாக இருக்கும் என்பதைக் குடும்பத்தின் செலவுக் கணக்கில் முதலாண்டே சேர்த்துவிடுங்கள். வெளியேறிய பிறகும் செமினார் நண்பர்களோடு சாப்பிட உணவுக்கூடத்துக்கு விருந்தினராகப் போகலாம். என் கடைசிப் பருவத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நான் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.